வட ஆப்பிரிக்காவின் ஆதி மக்கள் யார்? தொல்மரபணு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2018க்கும் 2025க்கும் இடையில் மொராக்கோ, துனிசியா, அல்ஜீரியா, லிபியா, எகிப்து ஆகிய நாடுகளின் பழைய எலும்புகளிலிருந்து மரபணு படிக்கப்பட்டது. ஒவ்வொரு ஆய்வும் முந்தையதில் எதையாவது திருத்தியது. பழைய கட்டுரையை மட்டும் படித்தவருக்கு ஒரு கதையும் புதியதைப் படித்தவருக்கு வேறு கதையும் கிடைத்திருக்கும். அந்தக் குழப்பத்தில் அடிக்கடி எழும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறோம்.

மொராக்கோவில் 3 லட்சம் ஆண்டு பழைய மண்டையோடு கிடைத்ததே, வட ஆப்பிரிக்கர்கள் அவர்களின் வழிவந்தவர்கள்தானே?

அப்படிச் சொல்ல மரபணுச் சான்று இல்லை. நீங்கள் சொல்வது ஜெபல் இர்ஹூத். பாரைட் என்ற கனிமத்தைத் தோண்டும் சுரங்கத் தொழிலாளர்கள் 1961இல் தற்செயலாகக் கண்ட இடம் அது. ழான்-ழாக் ஹூப்ளான், அப்தலுஅஹத் பென்-நசர் என்ற ஆய்வாளர்களின் குழுவினர் மறுபடி தோண்டி, தீயில் சுட்ட கற்கருவிகளை வைத்து, சுமார் 3,15,000 ஆண்டுகள் என்று 2017இல் காலம் கணித்தார்கள். முகம் நம்முடையதைப் போல, மண்டையின் பின்பகுதி நீண்டு பழையதைப் போல. ஆனால் அந்த எலும்புகளிலிருந்து டி.என்.ஏ. கிடைக்கவில்லை. வட ஆப்பிரிக்காவின் மரபணு வரலாறு நமக்குத் தொடங்குவதே 15,000 ஆண்டுகளுக்கு முன்புதான். நடுவில் உள்ள 3 லட்சம் ஆண்டுகளுக்குக் கல்லும் எலும்பும் மட்டுமே சாட்சி.

வெயில் கொளுத்தும் நாட்டில் டி.என்.ஏ. எப்படித் தப்புகிறது?

பெரும்பாலும் தப்புவதில்லை. டி.என்.ஏ.வுக்கு வெப்பமும் ஈரமும் எமன். சைபீரியக் குகைகளிலிருந்தும் வட ஐரோப்பாவிலிருந்தும் மரபணுத் தரவுகள் குவிந்துகொண்டிருக்க, வட ஆப்பிரிக்கா கையேந்தி நின்றதற்குக் காரணம் இதுதான். நம் பக்கத்திலும் இதே கதை: ஹரியானாவின் ராக்கிகடியில் பல எலும்புக்கூடுகளைச் சோதித்தும், 2019இல் வெளிவந்த ஆய்வில் ஒரே ஒரு பெண்ணின் மரபணுதான் தேறியது.

வாய்ப்பு அதிகமுள்ள இடம் மண்டையோட்டில் உள்காதைச் சுற்றியிருக்கும் எலும்பு. உடம்பிலேயே மிகக் கெட்டியான எலும்பு அது. அதிலிருந்து கொஞ்சம் பொடி எடுத்தால் போதும். பல்லின் வேரும் உதவும். எடுத்த டி.என்.ஏ. உண்மையிலேயே பழையதா, தோண்டியவரின் கையிலிருந்து ஒட்டியதா என்பதையும் பார்க்க வேண்டும். பழைய டி.என்.ஏ. துண்டு துண்டாக உடைந்திருக்கும். துண்டுகளின் நுனிகளில் ஒருவகை வேதிச் சிதைவு படிந்திருக்கும். புதிய டி.என்.ஏ.வில் அந்தத் தழும்பு இருக்காது.

தஃபோரால்ட் குகையைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்களே, அங்கே அப்படி என்ன இருக்கிறது?

கிழக்கு மொராக்கோவில், அல்ஜீரிய எல்லைக்கு அருகில் இருக்கும் பெரிய குகை அது. பிரெஞ்சில் அதற்குப் 'புறாக்களின் குகை' என்று பெயர். சுமார் 82,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே வாழ்ந்தவர்கள் கடற்சிப்பியில் துளையிட்டு, செங்காவி பூசி, மணியாக அணிந்திருக்கிறார்கள். ஆனால் நம் கதைக்கு வேண்டியவர்கள் அதற்கு வெகு பின்னால் வந்தவர்கள். 15,000 ஆண்டுகளுக்கு முன்பு குகையின் உட்புறத்தை இடுகாடாக வைத்திருந்த வேட்டைக்காரர்கள். குழந்தைகளையும் பெரியவர்களையும் தனித்தனியே, சில இடங்களில் காட்டாட்டின் கொம்போடு சேர்த்துப் புதைத்திருக்கிறார்கள். ஆப்பிரிக்காவின் மிகப் பழைய இடுகாடுகளில் ஒன்று இது.

அவர்கள் சாப்பாட்டைப் பற்றி ஒரு விவரம். ஓக் மரக் கொட்டை, பைன் கொட்டை, நத்தை, காட்டாடு. ஓக் கொட்டையின் மாவுச்சத்து பல்லில் ஒட்டிக்கொள்ளும்; விளைவு, அந்த இடுகாட்டுப் பற்களில் பாதிக்கும் மேல் சொத்தை. விவசாயம் வந்த பிறகுதான் பல்சொத்தை வந்தது என்று பாடப்புத்தகம் சொல்லும். இவர்கள் ஒரு நெல்மணி, கோதுமை மணி விதைக்காமலே அந்த வேதனையை அனுபவித்திருக்கிறார்கள். போதாததற்கு, மேல்வரிசை முன்பற்களைச் சிறுவயதிலேயே வேண்டுமென்றே பிடுங்கிக்கொள்ளும் வழக்கமும் இருந்தது. பல் போனால் சொல் போச்சு என்பதெல்லாம் அவர்களிடம் செல்லாது போலிருக்கிறது.

அவர்கள் ஸ்பெயினிலிருந்து கடல் கடந்து வந்தவர்கள் என்று படித்தேனே?

அது பெயர் செய்த கோளாறு. இந்தப் பண்பாட்டுக்கு 'ஐபரோமௌரூசியன்' என்று பெயர் வைத்தவர் போல் பல்லாரி என்ற பிரெஞ்சுக்காரர். 1909இல், கற்கருவிகள் ஐபீரியாவில், அதாவது ஸ்பெயினும் போர்ச்சுகலும் உள்ள தீபகற்பத்தில், கிடைப்பவற்றைப் போல இருக்கின்றன என்று நினைத்து இரண்டு இடங்களையும் சேர்த்து ஒட்டிவிட்டார். ஜிப்ரால்டர் நீரிணையின் குறுகலான இடம் 14 கிலோமீட்டர்தான். பனியூழியில் கடல் மட்டம் தாழ்ந்திருந்ததால் இன்னும் குறுகல். அக்கரை கண்ணுக்குத் தெரியும். ஆகவே அந்த ஊகம் அசட்டுத்தனம் இல்லை.

2018இல் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வாளர்களும் மொராக்கோ தொல்லியலாளர்களும் சேர்ந்து, தஃபோரால்டின் ஏழு பேருடைய மரபணுவை வெளியிட்டார்கள். பழங்கற்கால ஐரோப்பியர்களின் கலப்புக்கு அதில் தடயமே இல்லை. அக்கரை தெரிந்தும் போகவில்லை, வரவில்லை. பெயர் மட்டும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பிறகு யாரோடு உறவு?

கிழக்கே. இன்றைய இஸ்ரேல், பாலஸ்தீனம், ஜோர்டான் பகுதியில் வாழ்ந்த நத்தூஃபியன் வேட்டைக்காரர்களோடுதான் தஃபோரால்ட் மக்களுக்கு நெருக்கம் அதிகம். இங்கே ஒரு எச்சரிக்கை. தஃபோரால்டில் கிடைத்தவர்கள் நத்தூஃபியப் பண்பாடு தொடங்குவதற்கு முன்பே வாழ்ந்தவர்கள். ஆகவே 'நத்தூஃபியர்கள் மொராக்கோவுக்கு வந்தார்கள்' என்று சொல்வது பேரனைத் தாத்தாவுக்குத் தகப்பனாக்குவது போல. இரண்டு கூட்டத்துக்கும் பொதுவான மூத்த கிளை ஒன்று இருந்தது என்பதுதான் சரி.

தாய்வழியைக் காட்டும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வும் இதற்கு ஒத்துவருகிறது. ஏழு பேரில் ஆறு பேருக்கு யு6 என்ற கிளை, ஒருவருக்கு எம்1. இரண்டும் ஆப்பிரிக்காவுக்கு வெளியே போன பெருமரத்தின் கிளைகள். யு6இன் மிகப் பழைய வடிவம் ருமேனியக் குகை ஒன்றில் சுமார் 35,000 ஆண்டு பழைய எலும்பில் கிடைத்திருக்கிறது. அதாவது ஆப்பிரிக்காவை விட்டுப் போனவர்களின் ஒரு பிரிவு, பனியூழியின்போதே ஆப்பிரிக்காவுக்குத் திரும்பியிருக்கிறது.

'மூன்றில் ஒரு பங்கு கறுப்பின ஆப்பிரிக்கர்' என்று அதே ஆய்வில் வந்ததே?

வந்தது. சொன்ன விதம் வேறு: தஃபோரால்ட் மக்களின் மரபில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சகாராவுக்குத் தெற்கே உள்ள மக்களோடு ஒத்துப்போகிறது என்றார்கள். ஆனால் அன்றே அதில் ஒரு நெருடல் இருந்தது. அந்தப் பங்கு மேற்கு ஆப்பிரிக்கரோடும் முழுசாகப் பொருந்தவில்லை, கிழக்கு ஆப்பிரிக்கரோடும் பொருந்தவில்லை. இரண்டையும் கலந்தால் கிட்டத்தட்ட வந்தது. சட்டை தைக்க அளவு சரியாக இல்லாதபோது இரண்டு துணியை ஒட்டித் தைத்த மாதிரி. ஏதோ ஒரு மக்கள்கூட்டம் கணக்கில் விடுபட்டிருக்கிறது என்பது ஊன்றிப் படித்தவர்களுக்குப் புரிந்தது. யார் என்று தெரிய ஏழு ஆண்டு ஆனது.

அந்த விடுபட்ட கூட்டம் கிடைத்துவிட்டதா?

கிடைத்தது, சகாராவின் நட்டநடுவில்.

தென்மேற்கு லிபியாவில் தத்ரார்த் அக்காகுஸ் மலைத்தொடர். அங்கே தக்கர்கோரி என்ற பாறைக்குடில். ரோம் நகரின் சப்பியன்சா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சவீனோ தி லெர்னியா குழுவினர் அங்கே தோண்டியபோது 15 பேரைப் புதைத்த இடம் வெளிப்பட்டது. பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அவர்களில் இரண்டு பெண்களின் உடல்கள் 7,000 ஆண்டுகளாகப் பாலைவன வறட்சியில் தானாகவே காய்ந்து பதப்பட்டிருந்தன. 2019இல் இவர்களின் தாய்வழி டி.என்.ஏ. மட்டும் படிக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் நடா சலேம், யோஹன்னஸ் கிராவுசே உள்ளிட்டோர் முழு மரபணுப் பரப்பிலிருந்தும் தரவை வெளியிட்டார்கள்.

அந்தப் பெண்களின் மரபில் பெரும்பகுதி, அதுவரை யாரிடமும் தூய வடிவில் கண்டிராத ஒரு வட ஆப்பிரிக்கக் கிளையிலிருந்து வந்தது. சகாராவுக்குத் தெற்கே உள்ள மக்களிடமிருந்து அது பிரிந்தது சுமார் 50,000 ஆண்டுகளுக்கு முன்பு. ஆப்பிரிக்காவுக்கு வெளியே போன கூட்டம் பிரிந்த அதே காலகட்டம். அந்தக் கூட்டம் வெளியே போனது, இந்தக் கூட்டம் வடக்கிலேயே தங்கிவிட்டது. இந்தக் கிளையைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் தஃபோரால்ட் புதிர் அவிழ்கிறது: ஏறக்குறைய 60 சதவீதம் நத்தூஃபியருக்கு நெருங்கிய கிளை, 40 சதவீதம் தக்கர்கோரி கிளை. ஒட்டுத்துணி தேவையே இல்லை. 'தெற்கிலிருந்து வந்த மூன்றில் ஒரு பங்கு' என்று 2018இல் சொன்னது, வடக்கிலேயே இருந்த ஒரு பழைய மக்களின் பங்கு.

2018 ஆய்வு தவறு என்று இதை வைத்து யாரும் கேலி செய்ய வேண்டியதில்லை. கையில் இருந்த அளவுகோல்களை வைத்து அளந்தார்கள். சரியான கோல் பிறகுதான் மண்ணிலிருந்து வந்தது.

சகாராவில் 7,000 ஆண்டுகளுக்கு முன்பு மனிதர் எப்படி வாழ முடிந்தது?

அன்று அது பாலைவனம் இல்லை. சுமார் 14,500 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 5,000 ஆண்டுகளுக்கு முன்பு வரை சகாரா புல்வெளியாகவும் ஏரிகளாகவும் இருந்தது. பூமியின் அச்சுச் சாய்வும் அச்சு நோக்கும் திசையும் மெல்ல மாறுவதால் வட அரைக்கோளக் கோடை வெயில் கூடியது. அதனால் ஆப்பிரிக்கப் பருவமழை இன்னும் வடக்கே ஏறியது. அக்காகுஸ் பாறைகளில் மாடுகள் ஓவியங்களாக நிற்பது அதனால்தான். தக்கர்கோரிப் பானை ஓடுகளில் ஊறிப்போன பால் கொழுப்பை பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தினர் 2012இல் கண்டுபிடித்தார்கள். 7,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே பால் கறந்திருக்கிறார்கள்.

பச்சையாக இருந்தால் எல்லாரும் வந்து கலந்திருக்க வேண்டுமே?

எல்லாரும் அப்படித்தான் எதிர்பார்த்தார்கள். நடக்கவில்லை. தக்கர்கோரிப் பெண்களிடம் தெற்கத்திய மக்களின் கலப்புத் தெரியவில்லை. வடகிழக்கிலிருந்து வந்த கலப்பும் மிகச் சிறிது. ஆனால் ஆடும் மாடும் மேற்கு ஆசியாவிலிருந்து வந்தவை. மேய்க்கிறவர்கள் பெருங்கூட்டமாக வரவில்லை, மேய்க்கும் வித்தை மட்டும் கைமாறி வந்திருக்கிறது. இந்த முழு விவகாரத்தில் என்னை அதிகம் யோசிக்க வைப்பது இதுதான். பானையைக் கண்டதும் 'புது மக்கள் வந்தார்கள்' என்று எழுதும் பழக்கம் தொல்லியலில் நெடுங்காலம் உண்டு. இங்கே பொருள் வந்தது, ஆள் வரவில்லை.

தரவு இரண்டே இரண்டு பெண்களுடையது என்பதை மறக்கக் கூடாது. ஐரோப்பா அளவுள்ள நிலப்பரப்புக்கு இரண்டு பேர்.

அழிந்துபோன நியாண்டர்தால் மனிதர்களின் கலப்பு இவர்களிடம் உண்டா?

சொற்பம். தக்கர்கோரிப் பெண்களிடம் சுமார் 0.15 சதவீதம். அதே காலத்து மேற்கு ஆசிய விவசாயிகளிடம் இருந்ததில் பத்தில் ஒரு பங்கு. ஆனால் தெற்கத்திய ஆப்பிரிக்கர்களிடம் இருப்பதைவிடக் கொஞ்சம் கூடுதல். நியாண்டர்தாலோடு கலந்தது ஆப்பிரிக்காவுக்கு வெளியே போனவர்கள். ஆகவே இந்தச் சொற்ப அளவு, திரும்பி வந்தவர்களோடு இவர்களுக்கு ஏற்பட்ட லேசான தொடர்பின் அடையாளம். தஃபோரால்ட் மக்களிடம் இது இன்னும் அதிகம்; அவர்களுக்குக் கிழக்கத்திய உறவு கூடுதல் என்பதோடு இது பொருந்துகிறது.

அப்படியானால் விவசாயமும் ஆள் வராமலே வந்ததா?

இடத்துக்கு இடம் வேறு. மொராக்கோவில் கதை நேர்மாறு.

சுமார் 7,400 ஆண்டுகளுக்கு முன்பு, தெத்துவான் நகருக்கு அருகில் உள்ள காஃப் தஹ்த் எல்-கார் குகையில் வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் ஐபீரியாவிலிருந்து வந்த விவசாயிகள். உள்ளூர்க் கலப்பு கொஞ்சம். 15,000 ஆண்டுகளுக்கு முன்பு யாரும் கடக்காத அந்த நீரிணையை இவர்கள் கடந்திருக்கிறார்கள். கோதுமை, ஆடு, கடற்சிப்பியின் விளிம்பை அழுத்திக் கோலமிட்ட பானை எல்லாம் கூடவே வந்தன.

அதற்குச் சில நூறு ஆண்டுகள் கழித்து, இஃப்ரி நஅம்ர் ஓ மூசா என்ற குகையில் வாழ்ந்தவர்களைப் பாருங்கள். அவர்களிடமும் அதே வகைப் பானை, தானியம். ஆனால் உடலில் ஓடியது முழுக்க தஃபோரால்ட் ரத்தம். எட்டாயிரம் ஆண்டு கழித்தும் அதே மக்கள், மரபணுப் பன்மை குறைந்து, ஒதுங்கி வாழ்ந்தவர்கள். பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்து விவசாயம் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். சம்பந்தம் மட்டும் வைத்துக்கொள்ளவில்லை.

சுமார் 6,400 ஆண்டுகளுக்கு முன்பு மூன்றாவது கூட்டம். ரபாத்துக்குத் தெற்கே கடலோரம் ஸ்கிராத்-ருவாசி இடுகாட்டில் இருப்பவர்கள், மேற்கு ஆசியாவிலிருந்து கிளம்பி வட ஆப்பிரிக்கா நெடுக வந்த மேய்ப்பர் மரபினர். கடைசியில், சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன்பு, கெலிஃப் எல் போரூத்தில் எல்லாம் கலந்த மக்கள். டெனரிஃபே தீவின் லா லகுனா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோசா ஃப்ரெகெல் குழு 2018இலும், சுவீடனின் உப்சாலா குழு 2023இலும் வெளியிட்ட ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் இந்த வரிசை புரியும். முதல் ஆய்வை மட்டும் படித்தவர்கள் 'உள்ளூர் மக்களே விவசாயத்துக்கு மாறினார்கள்' என்று நிறுத்திக்கொள்வது வழக்கம். அது பாதிக் கதை.

துனிசியா, அல்ஜீரியா?

அங்கே பழைய மக்கள் இன்னும் கெட்டியாக நின்றார்கள். 2025 மார்ச்சில் வந்த ஆய்வின்படி, ஐரோப்பிய விவசாயிகளின் பங்கு கிழக்கு மக்ரிபில் (மக்ரிப் என்பது மொராக்கோ, அல்ஜீரியா, துனிசியா அடங்கிய வடமேற்கு ஆப்பிரிக்கா) அதிகபட்சம் 20 சதவீதம் அளவுக்குத்தான் போனது. நத்தையும் காட்டுத் தாவரமும் சாப்பிட்டுக்கொண்டே ஆடுமாடு வளர்க்கத் தொடங்கினார்கள். பயிர்த்தொழில் வெகு பிந்திதான் வேரூன்றியது.

துனிசியாவின் ஜெப்பாவில் சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த ஒருவரிடம் ஏறக்குறைய 6 சதவீதம் ஐரோப்பிய வேட்டைக்காரர் மரபு இருந்தது. விவசாயிகள் வருவதற்கு முன்பே. சிசிலிக்கும் துனிசியாவுக்கும் இடையே சுமார் 145 கிலோமீட்டர் கடல். நடுவில் உள்ள பன்டெலேரியாத் தீவின் எரிமலைக் கண்ணாடிக் கல் துனிசியாவில் முன்பே கிடைத்திருந்தது. கல் படகேறி வந்தது தெரிந்திருந்தது. ஆளும் வந்திருப்பது இப்போது தெரிகிறது.

எகிப்தை விட்டுவிட்டீர்களே, பிரமிடு கட்டியவர்கள் யார்?

இணையத்தில் இந்தக் கேள்வி வந்தால் அடிதடியில் முடியும். எலும்பு சொல்வதை மட்டும் சொல்கிறோம்.

கெய்ரோவுக்கு 265 கிலோமீட்டர் தெற்கே நுவைரத் என்ற ஊர். பாறையில் குடைந்த கல்லறைக்குள், பெரிய மண்பானையில் வைத்துப் புதைக்கப்பட்ட ஒருவர். நம் முதுமக்கள் தாழி நினைவுக்கு வரும். தொடர்பு ஏதும் இல்லை. 1902இல் தோண்டி எடுத்து லிவர்பூலுக்குக் கொண்டுபோனார்கள். இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சிலும் அந்த எலும்புகள் தப்பின. கி.மு. 2855க்கும் 2570க்கும் இடையில் வாழ்ந்தவர். 2025 ஜூலையில் வெளிவந்த அவர் மரபணுதான் பழைய எகிப்திலிருந்து கிடைத்த முதல் முழு மரபணு. ஐந்தில் நான்கு பங்கு வட ஆப்பிரிக்கப் புதிய கற்கால மரபு, ஒரு பங்கு மெசப்பொத்தேமியா பக்கத்தது. அந்த நான்கு பங்குக்கும் நெருங்கிய ஒப்பீடு எங்கிருந்து தெரியுமா? முன்னே சொன்ன மொராக்கோவின் ஸ்கிராத்-ருவாசி இடுகாட்டிலிருந்து. எலும்புத் தேய்மானத்தைப் பார்த்தால் குந்தி உட்கார்ந்து வேலை செய்தவர், ஒருவேளை குயவர்.

அவர் ஒருவர்தான். அவரை வைத்து மொத்த எகிப்துக்கும் சாதிச் சான்றிதழ் எழுத முடியாது.

இவர்கள் தோல் என்ன நிறம்?

இஃப்ரி நஅம்ர் ஓ மூசா மக்களிடம் ஐரோப்பியரின் வெளிர்நிறத்தோடு தொடர்புடைய மரபணு வடிவங்கள் இல்லை. கெலிஃப் எல் போரூத்தில் அவை தலைகாட்டுகின்றன. இன்றைய 'கறுப்பர், வெள்ளையர்' பெட்டிகளில் இவர்களை அடைக்கப் பார்ப்பது வீண்வேலை. தக்கர்கோரிக் கிளை இரண்டு பெட்டியிலும் அடங்காது.

இன்றைய அமாசிக் மக்கள் தஃபோரால்ட் மக்களின் நேர் வாரிசுகளா?

பெர்பர் என்று வெளியார் அழைக்கும் அமாசிக் மக்களிடம் அந்தப் பழைய மரபு இன்றும் இருக்கிறது. ஆனால் மேலே சொன்ன ஐபீரிய விவசாயிகள், கிழக்கத்திய மேய்ப்பர்கள், பிறகு ஃபீனிசியர், ரோமானியர், அரபியர், சகாரா கடந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் என்று எத்தனையோ கூட்டம் சேர்ந்திருக்கிறது. தந்தைவழியில் ஒரு வியப்பு: இன்று மக்ரிப் ஆண்களிடம் மிகுந்திருக்கும் இ-எம்81 கிளை தஃபோரால்டில் இல்லை. அங்கே இருந்தது அதன் உறவுக்கிளையான இ-எம்78. எம்81 இன்றைய அளவுக்குப் பெருகியது கடந்த சில ஆயிரம் ஆண்டுகளுக்குள்தான்.

தஃபோரால்ட் மக்களின் தாய்வழி இன்று எங்காவது இருக்கிறதா?

யு6 கிளை மக்ரிப் முழுக்க இருக்கிறது. அதன் ஒரு கொப்பு கடலுக்குள்ளும் போயிருக்கிறது. மொராக்கோ கரைக்கு மேற்கே, அட்லாண்டிக்கில் கேனரி தீவுகள். சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்பு வட ஆப்பிரிக்காவிலிருந்து மக்கள் அங்கே குடியேறினார்கள். பார்லி விதைத்து, ஆடு மேய்த்து, தலைமுறை தலைமுறையாகப் பெருநிலத்தோடு தொடர்பின்றி வாழ்ந்தார்கள். 1402இல் தொடங்கிய படையெடுப்பில், 1496க்குள் எல்லாத் தீவுகளும் ஸ்பெயினின் காஸ்டில் அரசின் கைக்குப் போயின, மொழியும் அழிந்தது. ஆனால் யு6இலிருந்து கிளைத்த யு6பி1 என்ற தாய்வழி அந்தத் தீவுகளுக்கே உரிய அடையாளமாக, இன்று ஸ்பானிய மொழி பேசும் கேனரிக் குடும்பங்களில் தாயிடமிருந்து மகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.